வெறியர் கண்ணை மூடவில்லை

என்னை அந்த வீட்டில் வேலைக்கு வைத்தது கால்பந்து ஆட்டம் நடக்கும் நாட்களுக்கு மட்டும். மற்ற நாட்களில் சர்க்கரை நோயாளியான வீட்டுக்காரரை அவருடைய மனைவியே சமாளித்துவிடுவார். இன்சுலின் ஊசி, உடனே சாப்பாடு, பிறகு மாத்திரை என்று எல்லாம் முறையாக நடக்கும். அவருடைய அணி களமிறங்கும் நாளில்தான் வம்பு. அன்றைக்குக் கடைசி விசில் ஊதும்வரை அவர் வாயில் ஒரு பருக்கை போகாது.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அது வெறும் வீம்பு. இன்சுலின் வந்த பிறகு உயிர் விஷயம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். ஊசியே போடாமல் விட்டால் ஏறிக்கொண்டே போய் வேறு விதமாகப் படுக்க வைக்கும். அவர் இரண்டையும் செய்து பார்த்திருந்தார். கடைசியாகக் குளியலறையில் விழுந்தபோது, மருத்துவர் மனைவியைத் தனியே அழைத்து, இன்னொரு முறை இப்படி இறங்கினால் எழுந்து வருவார் என்று தன்னால் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வாரம் நான் போனேன்.

அந்த அம்மா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அகராதி, பாடநூல், பழைய பாட்டுகளுக்கான உரை என்று கனமான வேலைதான் அவரிடம் வரும். மேசையில் பரப்பியிருந்த தாள்களை ஒதுக்கி எனக்கு இடம் போட்டார். என்னைவிட வயதில் சிறியவர்.

"ஆட்ட நாளுக்கு மட்டும் ஆள் கேட்டிருக்கீங்களே, ஏன்?" என்றேன்.

"சர்க்கரைக்கு நான் ஒருத்தி போதும், அக்கா. வெறிக்குத்தான் ரெண்டாவது ஆள் வேணும்."

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வந்திருக்கறது நர்ஸா, போலீஸா?"

"ரெண்டும்தான்," என்றேன்.

"எந்த டீம்?"

"எந்த டீமும் இல்லை."

"அது எதிரி டீமைவிட மோசமாச்சே!"

தெருவில் எல்லோருக்கும் அவர் 'வெறியர்'. மரியாதையாக, 'ர்' போட்டு. கடைக்காரர் "வெறியர் வீட்டுக்கு ஒரு பாக்கெட் பால்" என்று சத்தமாகவே சொல்வார். அவரும் அதைப் பட்டம் போல வைத்துக்கொண்டிருந்தார்.

தொழிலில் லிஃப்ட் மெக்கானிக். வேலை பழகிய காலத்தில் அவரை விளையாட்டரங்குக்குப் பக்கத்திலிருந்த ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் அறை. கம்பிவடம் சுற்றிய பெரிய சக்கரம், கிரீஸ் வாசனை, அடுப்பு போல வெக்கை. பழுது பார்த்த மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறைச் சுவரில் காற்றுக்காக ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியே கீழே மைதானம் தெரியும். முழு மைதானம் இல்லை, இடது பாதி மட்டும். வலது பாதியை எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும்.

பந்து இடது பக்கம் இருக்கும்போது பார்ப்பார். வலது பக்கம் போய்விட்டால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தின் சத்தத்தைக் கேட்பார். எந்த இரைச்சல் நம் ஆட்களுடையது, எது எதிராளிகளுடையது, எது கோல், எது கோல் ஆகாமல் போன பெருமூச்சு என்று எல்லாம் அவருக்குக் காதாலேயே பழகிவிட்டது. பிற்பாடு வீட்டில் தொலைக்காட்சி வந்து முழு மைதானமும் தெரிந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. திரையில் பந்து வலது பாதிக்குப் போனால் கண் தானாக மூடிக்கொள்ளும். "கண்ணைத் திறந்து வெச்சா காது மந்தமாயிடும்" என்பார்.

பட்டினியும் அந்த மோட்டார் அறையில் வந்ததுதான். ஒருநாள் கோப்பைக்கான ஆட்டத்தின்போது சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வாயில் வைத்தார், கோல் விழுந்தது, அணி தோற்றது. அதோடு சரி. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்தன்று மனைவி தட்டை நீட்டியிருக்கிறார். "விசில் ஊதட்டும்" என்றாராம். சமையலறையில் குக்கர் விசில் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா அடுப்பைப் பார்க்க ஓடினாராம். அதைச் சொல்லி இருவரும் இன்றுவரை சிரிப்பார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாத மனிதர். ஆட்டத்தின் நடுவே, எங்கோ லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டதாகத் தகவல் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். உள்ளே மாட்டியவர்களுடன் இடுக்கு வழியே பேசிக்கொண்டே கதவைத் திறப்பார். ஆட்டம் போயிற்றே என்று முகம் சுளித்ததில்லை. ஆனால் அப்போதும் சாப்பிட மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு கருவிப்பெட்டி தொலைக்காட்சிக்கு மேசையாகிவிட்டது.

நான் போன முதல் ஆட்டத்தன்று, ஊசி போட்டுவிட்டுத் தட்டை அவர் மடியில் வைத்து முன்னால் நின்றேன். சோறு, பருப்பு, அவித்த முட்டை.

"தள்ளி நில்லுங்க, சிஸ்டரம்மா. மறைக்குது."

"மறைக்கத்தான் நிக்கறேன். தட்டு காலியானா தள்ளறேன்."

முறைத்துக்கொண்டே சாப்பிட்டார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். அன்று அணி தோற்றது. "நீங்க ஊட்டின ரெண்டு முட்டைக்கு ரெண்டு கோல்," என்றார். அடுத்த ஆட்டத்தில் நான் தற்செயலாக ஃபிரிட்ஜ் ஓரம் நின்றிருந்தேன்; ஜெயித்தார்கள். அன்றிலிருந்து என் இடம் ஃபிரிட்ஜ் ஓரம் என்று நிர்ணயமாகிவிட்டது. அந்தக் கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். சன்னலோர நாற்காலி அவருடைய நண்பருக்கு. அவர் ஒரு காலத்தில் உள்ளூர்க் குழுவில் கோல்கீப்பராக இருந்தவர். இப்போது டயர் கடை. எல்லோரும் 'கீப்பர்' என்றே கூப்பிடுவார்கள். கழுத்தில் ஒரு நடுவர் விசில் தொங்கும். அணி ஜெயித்து ஆட்டம் முடிந்தால் மட்டும் அதை ஊதுவார். தரையில் பாய் போட்ட இடம் அந்த அம்மாவின் தம்பிக்கு. அணி முன்னிலையில் இருக்கும்போது யாரும் இடம் மாறக் கூடாது, எழக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அதுதான் சட்டம்.

ஒரு மத்தியானம், ஆட்டம் தொடங்குமுன் சமையலறையில் அந்த அம்மாவிடம் கேட்டேன், "இந்த வெறிங்கற வார்த்தையே நல்லா இல்லையே. நாய்க்குச் சொல்றது. கட்டின புருஷனுக்குச் சொல்றீங்க?"

"நாய்க்கு வந்தது பின்னாடிதான், அக்கா. பழைய பாட்டுல பூவோட வாசனைக்கும் வெறின்னு பேர் உண்டு. கள்ளு மயக்கத்துக்கும் உண்டு. எல்லாத்தையும்விட, வெறியாட்டுன்னு ஒண்ணு வரும். நான் புரூஃப் பாத்த உரையில அதுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க."

"என்ன ஆட்டம் அது?"

"ஒரு பொண்ணு மெலிஞ்சுகிட்டே போறா. கையில போட்ட வளை கழண்டு விழுது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. உண்மையில அவளுக்குக் காதல். பெத்தவளுக்கு அது புரியலை. வேலனைக் கூப்பிடறா. முருகனோட வேலைக் கையில வெச்சிருக்கற பூசாரி. அவன் கழங்கை, அதான் கழற்சிக்காயை, உருட்டிக் குறி பாக்கறான், இது சாமியால வந்த வினைன்னு சொல்றான். களம் அமைச்சு, ஆட்டைப் பலி கொடுத்து, சாமி வந்து ஆடறான். அந்த ஆட்டம்தான் வெறியாட்டு. வெறி பிடிச்சது பொண்ணுக்கு இல்லை, ஆடறவனுக்கு."

"பொண்ணோட நாடியை யாராவது பிடிச்சுப் பாத்தாங்களா?"

அவர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "பாட்டுல அதெல்லாம் வராது, அக்கா. ஆனா கூடவே இருந்த தோழிக்கு விஷயம் தெரியும்."

"தெரிஞ்சவ வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஆடாவது பிழைச்சிருக்கும்."

"சொல்லுவா. பல பாட்டுல அவதான் உடைச்சுப் பேசுவா. இங்கிலீஷ்ல ரசிகனை ஃபேன்னு சொல்றோமே, அதுவும் இதே மாதிரிதான். லத்தீன்ல கோயிலுக்கு உண்டான வார்த்தையிலேர்ந்து வந்தது. கோயில்ல சாமி வந்து ஆடினவனுக்குச் சொன்ன பேரு."

"அச்சாபீஸ் பாடம் நடத்துதா?" என்று கூடத்திலிருந்து அவர் கத்தினார். மனைவிக்கு அவர் வைத்த பெயர் அச்சாபீஸ்.

"ஆமா. உங்களுக்குத்தான் அர்ச்சனை," என்றார் அம்மா.

அந்த வருடம் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் கோப்பையை நெருங்கியது அந்த மோட்டார் அறை நாளுக்குப் பிறகு இதுதான். வாரம் முழுக்க அவர் என்னிடம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று கூடத்தில் காற்றே இல்லை. சன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நான் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, தட்டை அவர் கையில் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் பிசைய ஆரம்பித்தார். அதே நேரத்தில் கீப்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சிஸ்டர், இங்க ஏதோ பிடிக்கற மாதிரி இருக்கு. மூச்சு வாங்குது."

கனத்த உடம்புக்காரர், டயர் தூக்குகிறவர். என்னால் அதை அலட்சியம் செய்ய முடியாது. நடைவழியில் கொண்டுபோய் உட்காரவைத்து நாடி பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வலி எங்கே என்று கேட்டால் ஒருமுறை வலப்பக்கம் காட்டினார், ஒருமுறை இடப்பக்கம். திரும்பி வந்தபோது வெறியரின் தட்டு காலி. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். பல்லிடுக்கில் பருப்பு இருந்தது.

முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இடைவேளையில் அவர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். ஆபத்தான அளவு இல்லை. ஆனால் சாப்பிட்ட மனிதருக்கு அது குறைவு.

"கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும்," என்றேன்.

"பாருங்க, பாருங்க. விரலையே வெட்டி எடுத்துக்குங்க. இப்ப தள்ளுங்க."

இரண்டாவது பாதி தொடங்கியதும் கோல். நம் அணி. கீழ்வீட்டுக்காரர்கள் உத்தரத்தைத் தட்டினார்கள். தெருவே இரைந்தது. கீப்பர் கையை உயர்த்தினார். "யாரும் அசையாதீங்க! அப்படியே இருங்க!" அம்மாவின் தம்பி பாயில் ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்துவிட்டார்.

வெறியர் கத்திக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. நாற்காலிக் கைப்பிடியை ஓங்கி ஓங்கி அடித்தார். நடுவரைத் திட்டினார், பிறகு யாரைத் திட்டுகிறார் என்றே தெரியாமல் திட்டினார்.

"அத்தானுக்கு இன்னிக்கு வெறி உச்சிக்கு ஏறிடுச்சு," என்று தம்பி சிரித்தார்.

"விடு, கப் வருது. ஏறட்டும்," என்றார் கீப்பர்.

வேர்வை, நடுக்கம், கோபம். ஆட்டம் பார்க்கிற எல்லோருக்கும் அன்று அது இருந்தது. எனக்கு அந்த இடைவேளை எண்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பழச்சாறு புட்டியை எடுத்தேன்.

"சிஸ்டர், இடத்தை விட்டு வராதீங்க!" என்று கீப்பர் அலறினார்.

அப்போதுதான் அந்த அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்து அந்தப் பக்கம் போச்சு," என்றார் மெதுவாக.

யாரும் திரும்பவில்லை.

"பந்து வலது பக்கம் போச்சு. அவர் கண்ணை மூடலை." குரல் உயர்ந்தது. "அக்கா! இது அவரோட வெறி இல்லை. அவர் ஆட்டத்தையே பாக்கலை!"

நான் முன்னால் போய் நின்றேன். 'மறைக்குது' என்று சொல்லவில்லை. கண் என்னைத் தாண்டி எங்கேயோ இருந்தது. விரலைக் குத்தினேன். கருவியில் வந்த எண் இடைவேளையில் பார்த்ததில் பாதிகூட இல்லை.

"தட்டுல இருந்த சாப்பாடு யார் வயித்துல இருக்கு?" என்றேன்.

பாயில் தூக்கியிருந்த கால் கீழே இறங்கியது. "என் வயித்துல. உங்ககிட்ட காட்டறதுக்கு ஒரே ஒரு வாய் மட்டும் அவர் மென்னு துப்பிட்டு… அத்தான்தான் கெஞ்சினாரு… ஒரே ஒரு ஆட்டம்தானேன்னு…"

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இப்பவே."

புட்டியை அவர் உதட்டில் வைத்தேன். தட்டிவிட்டார். சாறு என் புடவையெல்லாம் வழிந்தது. மறுபடி வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். "விசில்… விசில் ஊதலை…" என்று மட்டும் உளறினார். மற்றதெல்லாம் மூளையை விட்டுப் போய்விட்டது. அந்தச் சட்டம் மட்டும் போகவில்லை. விழுங்கும் தெம்பு இன்னும் இருந்தது. அது போய்விட்டால் வாயில் எதையும் ஊற்ற முடியாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இறுதி ஆட்டம் நடக்கும் உள்ளூர் அரங்கத்தைச் சுற்றித் தெருவெல்லாம் அடைத்துக் கிடப்பதால் வண்டி வரத் தாமதமாகும் என்று தம்பி போனைக் காதில் வைத்தபடியே சொன்னார்.

"ஆட்டம் முடிஞ்சுதுங்க," என்று அம்மா அவர் காதருகே குனிந்து சொன்னார். "ஜெயிச்சாச்சு. வாயைத் திறங்க."

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். மனைவி சொல்வதை நம்பிச் சாப்பிடுகிறவராக இருந்திருந்தால் எனக்கு அந்த வீட்டில் வேலையே இருந்திருக்காது.

அம்மா நிமிர்ந்தார். "கீப்பரண்ணே. ஊதுங்க."

கீப்பர் விசிலைக் கையால் பொத்திக்கொண்டார். திரையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நம் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. "தங்கச்சி… இன்னும் நேரம் இருக்கு. முடியறதுக்கு முன்னாடி ஊதினா…"

"ஊதுங்கண்ணே!"

"இத்தனை வருஷத்துல ஒருநாளும் நான் பொய்யா…"

"நெஞ்சுவலின்னு பொய் சொல்லத் தெரிஞ்சுதில்ல?" என்றேன். "ஊதுய்யா!"

தம்பி எழுந்து போய்த் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கினார். முன்னிலையில் இருக்கும்போது அந்தக் கூடத்தில் இதற்கு முன் யாரும் செய்யாத காரியம். கூடம் அமைதியானது. கீப்பர் விசிலை வாயில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு குட்டை ஊதல், இன்னொரு குட்டை, பிறகு நீளமாக ஒன்று. அசல் நடுவர் போலவே.

வெறியர் கண்ணை மூடினார்.

மயங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார். விசிலின் எதிரொலி அடங்கும்வரை கேட்டுவிட்டு வாயைத் திறந்தார். நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். விழுங்கினார். என் பையிலிருந்த தேனைக் கன்னத்தின் உட்புறம் தடவினேன். மறுபடி சாறு. அம்மா அவர் தாடையைத் தாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மிடறுக்கும் "ம், இன்னும்" என்றார். கீப்பர் சன்னலோரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

வெளியே தெரு ஒருமுறை ஓலமிட்டது. அது சந்தோஷச் சத்தம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரும் வயரைத் திரும்பச் சொருகவில்லை.

மறுபடி குத்திப் பார்த்தபோது எண் ஏறத் தொடங்கியிருந்தது. வண்டி வருவதற்குள் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"சிஸ்டரம்மா, மறைக்குது," என்றார்.

அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்கும் ஒரு டம்ளர் சாறு கொடுத்தேன்.

ஓர் இரவு மருத்துவமனையில் வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். விசில் கழுத்தில் இல்லை, கையில் இருந்தது.

"என்னாலதான் போச்சு. நான் ஊதினேன், அப்புறம் அவனுங்க ரெண்டு போட்டுட்டானுங்க. இதை நீயே வெச்சுக்க."

வெறியர் கட்டிலில் சாய்ந்தபடி யோசித்தார். "நீ ஊதும்போது என்ன ஸ்கோர்?"

"ஒண்ணு பூஜ்யம். நாம."

"ஊதினப்புறம் விழுந்த கோல் எந்த ஊர்ல கணக்கு?" என்றார். "எனக்கு விசில் கேட்டுச்சு. ஆட்டம் முடிஞ்சுது. நாம ஜெயிச்சோம்."

"கப்பு?" என்றார் தம்பி.

"கப்பை வெச்சு நான் என்ன காப்பியா குடிக்கப் போறேன்?"

அம்மா தாள்களிலிருந்து தலையைத் தூக்காமல், "இதுக்குப் பேருதான் வெறி," என்றார்.

சிரித்து முடித்ததும் நான் என் பேச்சைப் பேசினேன். இனி ஆட்ட நாளில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் இந்தக் கூடத்திலேயே, என் கண் முன்னால் வலிக்க வேண்டும். தட்டை யார் தொட்டாலும் நான் வேலையை விட்டுப் போய்விடுவேன். அம்மா அதோடு இன்னொன்றும் சேர்த்தார். ஊசி போட்டதும் கீப்பர் அந்த விசிலை முறைப்படி ஊத வேண்டும், அதற்குப் பிறகு தட்டு வரும், தட்டு காலியான பிறகுதான் தொலைக்காட்சி. விசில் எந்த ஆட்டத்துக்கு என்று வெறியர் கேட்டார்.

"போன ஆட்டத்துக்கு," என்றார் அம்மா. "அதுக்கு இன்னும் ஊதவே இல்லைன்னு வெச்சுக்குங்க."

அவர் விசிலைக் கீப்பரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அச்சாபீஸ் சொன்னா அப்பீல் இல்லை," என்றார்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தன்று நான் ஃபிரிட்ஜ் ஓரத்தில் நிற்கவில்லை. அவர் முன்னால் நின்றேன். கீப்பர் ஊதினார். கீழ்வீட்டுக்காரர்கள், இன்னும் தொடங்கவே இல்லையே, அதற்குள் என்ன என்று உத்தரத்தைத் தட்டினார்கள். அவர் சாப்பிட்டார். கடைசி வாயையும் மென்று முடித்து, கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். நான் தள்ளி நின்றேன். ஆட்டம் தொடங்கியது, பந்து வலது பக்கம் போனது, கண்ணை மூடினார். சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா தாள்களைத் திருத்தப் போனார்.